உளநோயாளருக்குக் கைகொடுக்கும் சேவை நாய்கள்

பார்வையற்ற ஒருவர் நாயின் முதுகில் பூட்டப்பட்ட கைப்பிடியைப் பற்றியவாறு வீதியைக் கடப்பதைக் காண்போர் எவரும் அந்த நாய் எதற்கு என்று கேட்பதில்லை. ஆனால் ஐக்கிய அமெரிக்காவின் கடைத்தொகுதி ஒன்றினுள், கண்ணும் காதும் குறைவின்றி, கை கால்கள் திடமாக உள்ள முப்பது வயது மனிதர் ஒருவர் நாயொன்றுடன் நுழையும்போது நிலைமை வேறு. 'இவருக்கு என்ன குறை? இவருக்கு எதற்கு நாய்?' என்ற பார்வை அவரைச் சூழ்ந்து கொள்கின்றது. அவர் ஈராக்கிலோ ஆப்கானிஸ்தானிலோ போரிட்டுத் திரும்பியவராக இருக்கலாம். தன் பின்னால் எவரேனும் வந்து நின்றால் மூச்சுத் திணறும் ஒருவராக, பல மாதங்களாக வீட்டுக் கதவைத் தாண்டாதிருந்த ஒருவராக இருக்கலாம். அவரது நோய் வெளியே தெரிவதில்லை. அதனாலேயே அவரது நாயும் சந்தேகத்துக்குரியதாகி விடுகின்றது.

உளநோயுடன் வாழ்வோருக்கு உதவுவதற்கெனப் பயிற்றப்படும் நாய்கள் பற்றி மேற்கு நாடுகளில் கடந்த கால் நூற்றாண்டாகப் பேசப்பட்டு வருகின்றது. இவற்றைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் 'அன்பு காட்டும் நாய் நோயைக் குணமாக்கியது' என்ற தோரணையிலேயே வெளிவருகின்றன. அது பாதி உண்மை மட்டுமே. அன்பு எல்லா நாய்களிடமும் உண்டு. சேவை நாய் வேறுபடுவது, குறித்த ஒருவரின் குறித்த ஒரு இயலாமைக்கு எதிராகக் குறித்த ஒரு வேலையைச் செய்யக் கற்றிருப்பதனால் ஆகும்.

போர்க்களத்திலிருந்து வந்த வழக்கம்

நாயை ஊனமுற்றோரின் துணையாக முறைப்படி பயிற்றும் வழக்கம் போரிலிருந்து பிறந்தது. முதலாம் உலகப் போரில் பார்வையிழந்த ஜேர்மனியப் படையினருக்காக 1916ஆம் ஆண்டில் ஒல்டன்பேர்க் நகரில் முதலாவது வழிகாட்டி நாய்ப் பாடசாலை தொடங்கப்பட்டது. சுவிற்சர்லாந்தில் வசித்த டொரதி ஹரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, பொட்ஸ்டாம் நகரில் இயங்கிய இத்தகைய பாடசாலை ஒன்றைப் பார்வையிட்டு, 1927 நவம்பரில் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் எழுதினார். அக்கட்டுரையை வாசிக்கக் கேட்ட மொறிஸ் பிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர் தமக்கும் அப்படியொரு நாய் வேண்டுமெனக் கடிதம் எழுதினார். 1928இல் சுவிற்சர்லாந்து சென்று 'படி' என்ற நாயுடன் நாடு திரும்பினார். மறு ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் முதலாவது வழிகாட்டி நாய்ப் பாடசாலை உருவாகியது.

பிராங்க் எதிர்கொண்ட பெரிய இடர் வீதியைக் கடப்பதில் இருக்கவில்லை. புகையிரதத்திலும் விடுதியிலும் உணவகத்திலும் நாயை உள்ளே விடமாட்டோம் என்று நின்றவர்களை இணங்கச் செய்வதற்கே அவர் தமது வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிட்டார். வழிகாட்டி நாய்க்கு அன்று மூடியிருந்த கதவுகளே பிற்காலத்தில் உளநலச் சேவை நாய்க்கும் மூடியிருந்தன.

1975இல் கலிபோர்னியாவில் பொனி பேர்கின் என்பவர் சக்கர நாற்காலியில் வாழ்வோருக்காக நாய்களைப் பயிற்றத் தொடங்கியபோது, சேவை நாய் என்ற எண்ணம் பார்வையின்மைக்கு அப்பால் விரிந்தது. உளநோய்க்கென நாயைப் பயிற்றலாம் என்ற கருத்து வலுப்பெறுவதற்கு 1990களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மனச்சோர்வு, பதகளிப்பு, இருமுனைக் கோளாறு முதலியவற்றால் பாதிக்கப்பட்டோர் தமது சொந்த நாய்களுக்குத் தாமே பயிற்சியளித்து, அனுபவங்களைத் தம்முள் பகிர்ந்து கொண்டதே இதன் தொடக்கம் எனலாம். வைத்தியசாலையோ அரசாங்கமோ இதைத் தொடக்கி வைக்கவில்லை.

பின்னர் மீண்டும் போர் வந்தது. போருக்குப் பின் படையினரை ஆட்கொள்ளும் உளப்பாதிப்பு, வியட்நாம் போரில் ஈடுபட்டோரின் நீண்ட போராட்டத்தின் விளைவாக 1980ஆம் ஆண்டில்தான் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் தனியொரு நோயாக இடம்பெற்றது. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என நாம் தமிழில் குறிப்பிடுவது இதனையே. முப்பது ஆண்டுப் போரைக் கண்ட எமது வாசகர்களுக்கு 'மனவடு' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. கெட்ட கனவு, திடீரெனப் பழைய நிகழ்ச்சி கண்முன் மீள நிகழ்வது போன்ற உணர்வு, சிறு ஓசைக்கும் துடித்தெழுதல், மக்கள் கூடுமிடத்தைத் தவிர்த்தல், உற்றாரிடமிருந்தும் உணர்வற்று விலகிப்போதல் ஆகியன அதன் அறிகுறிகள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து இந்நோயுடன் திரும்பியோரின் தொகை பெருகவே, அவர்களுக்கு நாய்களை வழங்கும் தொண்டு நிறுவனங்களும் தோன்றின. புளோரிடாவில் 2011இல் தொடங்கப்பட்ட 'கே-நைன்ஸ் ஃபோர் வொரியர்ஸ்' அவற்றுள் முக்கியமானது. போரிலிருந்து திரும்பிய தன் மகனின் நிலை கண்ட தாயொருவர் தொடங்கிய நிறுவனம் அது. அங்கு பயிற்றப்படும் நாய்களில் பெரும்பாலானவை உரிமையாளரால் கைவிடப்பட்டுக் காப்பகங்களில் கிடந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

நாய் என்ன செய்கின்றது?

இரவில் இருந்தே தொடங்கலாம். மனவடு நோயுள்ள பலருக்குப் பகலை விட இரவே கொடியது. உறங்கினால் கனவு வரும் என்ற அச்சத்தில் உறங்காதிருப்போர் உண்டு. உறக்கத்தில் கைகால்களை வீசுவதால் அருகில் படுத்திருக்கும் மனைவியைத் தாக்கிவிடுவோமோ என்று அஞ்சி வேறறையில் படுப்போரும் உண்டு. கனவில் அலறும் ஒருவரை மனிதர் தொட்டு எழுப்புவது ஆபத்தானது. அவர் எதிரி என்றெண்ணிப் பாய்ந்து விடலாம். நாயின் ஈரமூக்கு அப்படித் தோன்றுவதில்லை. பயிற்சியின்போது ஒருவர் கட்டிலில் படுத்து, கனவு காண்பவர் போல முனகிப் புரண்டு நடிப்பார். நாய் அருகில் வந்து மூக்கால் தட்டினாலோ போர்வையை இழுத்தாலோ உடனே அதற்கு உணவு பரிசாகக் கிடைக்கும். இதனைப் பல நூறு தடவை செய்த பின், உண்மையான கனவின் முதற் புரளலிலேயே நாய் எழுந்து வரும். சில நாய்கள் மின்விளக்கின் ஆளியை மூக்கால் அழுத்தி அறையை ஒளியேற்றவும் பழகியுள்ளன. விழித்தவர் தான் எங்கே இருக்கின்றார் என்பதை அந்த ஒளியில் கண்டு கொள்வார்.

பகலில் வேறு வேலைகள். பதகளிப்புத் தாக்கம் வரும் வேளையில் இருபத்தைந்து, முப்பது கிலோ எடையுள்ள நாய் ஒருவரது மடியிலோ மார்பிலோ சாய்ந்து படுத்து அழுத்தம் கொடுக்கும். இறுகிய அணைப்பு அளிக்கும் ஆறுதலை இந்த எடை அளிப்பதாகவும், மூச்சும் இதயத்துடிப்பும் அடங்குவதாகவும் பயன்படுத்துவோர் கூறுகின்றனர். நடந்தது கண்முன் மீண்டும் நிகழ்வதாகத் தோன்றி ஒருவர் உறைந்து நிற்கும்போது, நாய் முன்காலால் அவரது முழங்காலைச் சுரண்டும். அவர் குனிந்து அதனைத் தொடும் வரை விடாது. அந்தத் தொடுகை அவரை இன்றைய நாளுக்குத் திருப்பி அழைக்கின்றது. தன்னையறியாமல் தோலைப் பிய்த்துக் கொள்பவரின் கைக்கும் தோலுக்கும் இடையே நாய் தன் முகத்தை நுழைக்கும். குறித்த நேரத்தில் மருந்துப் பையைக் கொண்டு வந்து மடியில் வைக்கும். 'வெளியே' என்று ஒரு சொல் சொன்னால், நெரிசலான மண்டபத்திலிருந்து வாயிலை நோக்கி இழுத்துச் செல்லும்.

இல்லாததைக் காண்பவருக்கும் நாய் உதவலாம். அறையில் எவரோ நிற்பதாகத் தோன்றும்போது, 'போய் வணக்கம் சொல்' என்று கட்டளையிட்டால், ஆள் இருந்தால் நாய் அவரிடம் செல்லும். ஆளில்லாவிட்டால் குழம்பித் தன் எசமானையே திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வையே அவருக்கு விடை. மற்றொரு மனிதரிடம் 'அங்கே எவரும் நிற்கின்றாரா?' என்று கேட்பதிலுள்ள கூச்சம் நாயிடம் இல்லை.

மனிதரின் நெருக்கீட்டை நாய் எவ்வாறு முன்கூட்டியே அறிகின்றது என்பதும் சுவையான விடயம். உடலசைவும் குரலும் மூச்சின் வேகமும் அதற்குப் போதிய தடயங்கள். இவற்றுடன் மணமும் சேர்ந்து கொள்கின்றது. பெல்பாஸ்ட் நகரிலுள்ள குயீன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான கணக்கொன்றைச் செய்யப் பணிக்கப்பட்ட 36 பேரிடமிருந்து வியர்வையும் மூச்சும் கணக்குக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்டன. 4 நாய்கள் நெருக்கீட்டு வேளையின் மாதிரியைச் சுமார் 94 வீதம் சரியாகத் தெரிந்தெடுத்தன. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகம் 2024இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு படி சென்றது. கடந்த காலக் கொடுமைகளை நினைவுகூரச் செய்யப்பட்ட 26 பேரின் மூச்சு மாதிரிகளை இரு நாய்கள் முகர்ந்து பிரித்தறிந்தன. இரண்டு நாய்களைக் கொண்டு எல்லா நாய்களையும் பற்றி முடிவு கூறிவிட முடியாதுதான். எனினும், ஒருவர் தன் பதகளிப்பைத் தானே உணருமுன் நாய் எழுந்து வருகின்றது என்று பயனாளிகள் கூறுவதில் பொருளுண்டு என்பதை இவ்வாய்வுகள் காட்டுகின்றன.

இவை யாவும் பயிற்றப்பட்ட வேலைகள். பயிற்றப்படாமலே கிடைக்கும் பயனும் உண்டு. படுக்கையை விட்டெழ மனமில்லாதவரையும் நாய் காலையில் எழுப்பி விடும். அதற்கு உணவிட வேண்டும், வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். வீதியில் எதிர்ப்படும் அயலவர் அவருடன் பேசாவிட்டாலும் நாயைப் பற்றி இரண்டு சொல் கேட்பார். மனச்சோர்வில் நாட்கணக்காகப் பேசாதிருந்தவருக்கு அந்த இரண்டு சொல் சிறிதல்ல.

ஆய்வுகள் கூறுவது

நாயின் உதவி பற்றிய கதைகள் ஏராளம். அளவிட்டுப் பார்த்த ஆய்வுகள் நெடுங்காலம் இருக்கவில்லை. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களம், பார்வையற்றோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் வழங்கப்படும் நாய்களின் மருத்துவச் செலவை ஏற்ற போதிலும், 2012இல் வெளியிட்ட விதியில் உளநோய்க்கான நாய்களைச் சேர்க்க மறுத்தது. போதிய சான்றில்லை என்பதே அது கூறிய காரணம். முன்னாள் படையினர் பலர் தமது சகாக்களைத் தற்கொலைக்குப் பறிகொடுத்துக் கொண்டிருந்த காலம் அது. அவர்களது கோபம் புரிந்து கொள்ளத்தக்கதே. ஆயினும் சான்று கேட்டது தவறென்று கூற முடியாது.

காங்கிரஸின் பணிப்பின் பேரில் அத்திணைக்களம் நடத்திய ஆய்வு 2011இல் தொடங்கி, பங்குபற்றியோரின் பிள்ளைகளை நாய்கள் கடித்த சம்பவங்களும் நாய்களின் உடல்நலம், பயிற்சி பற்றிய முறைப்பாடுகளும் எழுந்ததால் 2012இல் இடைநிறுத்தப்பட்டது. பின்னர் புதிய ஒழுங்குகளுடன் மீளத் தொடங்கியது. அதில் மனவடு நோயுள்ள 181 பேருக்கு நாய்கள் வழங்கப்பட்டன. 97 பேர் பெற்றவை வேலை பயின்ற சேவை நாய்கள். 84 பேர் பெற்றவை நல்லொழுக்கம் மட்டும் பயின்ற ஆறுதல் நாய்கள். எவருக்கு எது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. பதினெட்டு மாதங்கள் கழிந்த பின், அன்றாட வாழ்க்கைத் திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் இரு பிரிவினரிடையே கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் மனவடு நோயின் அறிகுறிகள் சேவை நாய் பெற்றோரிடம் ஓரளவு கூடுதலாகக் குறைந்திருந்தன. தற்கொலை எண்ணங்களும் அவர்களிடம் குறைவாகக் காணப்பட்டன.

இந்த முடிவை இரு தரப்பினரும் தத்தமக்குச் சாதகமாக வாசித்தனர். இரு பிரிவினரிடமும் நாய் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. நாயே இல்லாதோருடன் ஒப்பிடும் ஆய்வு அதுவன்று. அவ்வொப்பீட்டைச் செய்தவர்கள் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, பின்னர் அரிசோனா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற மெகி ஒஹெயர் தலைமையிலான குழுவினர். 2018இல் வெளியான அவர்களது முதலாவது ஆய்வில் 141 பேர் இடம்பெற்றனர். 2024இல் வெளியான ஆய்வில் 156 பேர். அவர்களில் 81 பேர் நாயைப் பெற்றனர். 75 பேர் காத்திருப்போர் பட்டியலில் இருந்து வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றனர். மூன்று மாதங்களின் பின், எவரிடம் நாய் இருக்கின்றது என்பதை அறியாத மதிப்பீட்டாளர்கள் அவர்களைப் பரிசோதித்தனர். நாய் பெற்றோரிடம் மனவடு நோய் தொடர்ந்தும் இருப்பதாகத் தீர்மானிக்கப்படும் வாய்ப்பு விகிதம் 66 வீதம் குறைவாக இருந்தது. பதகளிப்பும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. எனினும் இங்கு குலுக்கல் முறை பின்பற்றப்படவில்லை. மூன்று மாத காலமும் குறுகியதே. நாய் பெற்றோர் முற்றாகக் குணமடைந்து விட்டனர் என்று ஆய்வாளர்களும் கூறவில்லை. மருந்துக்கும் உளச்சிகிச்சைக்கும் நாய் மாற்றீடல்ல, அவற்றுடன் சேர்ந்த துணை என்பதே அவர்களது நிலைப்பாடு.

உளமருத்துவர்களிடையே நிலவும் மற்றொரு ஐயத்தையும் இங்கு கூறவேண்டும். திணைக்களத்தின் ஆய்வில் நாய்களுக்குப் பயிற்றப்பட்ட வேலைகளில், அறைக்குள் முதலில் சென்று சுற்றிப் பார்த்து வருவதும், எசமானின் பின்புறம் காவலாக நிற்பதும், முன்னே குறுக்காக நின்று பிறரை விலக்கி வைப்பதும் அடங்கியிருந்தன. இவை நோயாளிக்கு உடனடி நிம்மதி தருபவை. ஆனால் 'உன் பின்னால் ஆபத்து இருக்கின்றது' என்ற பொய்யான அச்சத்தை இவை உறுதிப்படுத்தி விடுமல்லவா என்று சிலர் கேட்கின்றனர். அச்சந்தரும் சூழலைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்குவதே இந்நோய்க்கான சிகிச்சையின் அடிப்படை. எதிர்கொள்வதற்கு நாய் துணை நிற்கலாம். எதிர்கொள்ளாமல் ஒளிவதற்குத் திரையாகிவிடக் கூடாது. எந்த வேலையைப் பயிற்ற வேண்டும் என்பதைச் சிகிச்சையளிக்கும் வைத்தியரும் பயிற்றுநரும் சேர்ந்து தீர்மானிப்பதே இதற்குத் தீர்வாக எமக்குத் தோன்றுகின்றது.

2021 ஓகஸ்ட் 25ஆம் திகதி ஜனாதிபதி ஜோ பைடன் கைச்சாத்திட்ட சட்டமொன்று நடுவழி ஒன்றைத் தெரிந்தது. மனவடு நோயுள்ள முன்னாள் படையினர் பிறருக்கான சேவை நாய்களைத் தாமே பயிற்றும் ஐந்தாண்டு முன்னோடித் திட்டத்தை அது ஏற்படுத்தியது. நாய்க்குக் கட்டளையிடுபவர் தன் குரலைக் கட்டுப்படுத்த வேண்டும், பொறுமை காக்க வேண்டும், நாய் சரியாகச் செய்தால் மகிழ்ச்சியைக் குரலில் காட்ட வேண்டும். உணர்வு மரத்துப் போனவருக்கு அதுவே ஒரு பயிற்சி.

இரண்டே கேள்விகள்

அமெரிக்காவில் 1990இல் நிறைவேறிய ஊனமுற்றோர் சட்டத்தின் கீழ், 2011 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் உளநோய்க்கான நாயையும் சேவை நாயாக வெளிப்படையாக ஏற்கின்றன. கடைக்காரரோ விடுதி நடத்துபவரோ இரு கேள்விகளை மட்டுமே கேட்கலாம். இயலாமை காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா இது? இது எந்த வேலையைச் செய்யப் பயிற்றப்பட்டுள்ளது? நோயின் பெயரைக் கேட்க முடியாது. சான்றிதழ் காட்டும்படி வற்புறுத்த முடியாது. அதே வேளை, கட்டுப்பாடின்றிக் குரைத்துப் பாயும் நாயை வெளியேற்றும் உரிமை கடைக்காரருக்கு உண்டு. வெறுமனே ஆறுதல் தருவது 'வேலை' ஆகாது என்றும் அவ்விதிகள் தெளிவாகக் கூறுகின்றன.

நோயாளியின் மானத்தைக் காக்கும் ஏற்பாடு இது. ஆனால் சான்றிதழ் கேட்கப்படாத இடத்தில் மோசடியும் நுழைந்தது. சேவை நாய் என்று எழுதிய மேலங்கியை எவரும் விலைக்கு வாங்கலாம். சட்டப் பெறுமதி ஏதுமற்ற 'பதிவுச் சான்றிதழ்களும்' விற்பனைக்கு வந்தன. விமானங்களில் இது உச்சத்தை எட்டியது. ஆறுதல் துணை என்ற பெயரில் பன்றியும் வாத்தும் கூட ஏறின. 2018 ஜனவரியில் நியூ ஜேர்சியின் நெவார்க் விமான நிலையத்தில் பயணியொருவர் மயிலொன்றுடன் வந்து நின்றதும், யுனைட்டட் எயார்லைன்ஸ் நிறுவனம் அதனை ஏற்ற மறுத்ததும் உலகச் செய்தியாயின. நகைப்புக்கிடமான இச்சம்பவங்களின் விலையைச் செலுத்தியவர்கள் உண்மை நோயாளிகளே. பயிற்சியற்ற நாய்கள் விமானத்தினுள் சேவை நாய்களைத் தாக்கிய நிகழ்வுகளும் உண்டு. ஒருமுறை கடிபட்ட சேவை நாய் அச்சத்தினால் தன் வேலையையே இழந்து விடக்கூடும். இறுதியில் 2020 டிசெம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் வெளியிட்ட விதி, ஆறுதல் துணை விலங்குகளைச் சேவை விலங்குகளாக ஏற்கும் கடப்பாட்டிலிருந்து விமான நிறுவனங்களை விடுவித்தது. ஆனால் அதே விதி, உளநலச் சேவை நாயைப் பார்வையற்றோரின் வழிகாட்டி நாய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்றும் விதித்தது. அதற்கு முன் உளநோயாளர் மட்டும் வைத்தியரின் கடிதத்தைக் காட்ட வேண்டியிருந்தது. அந்த வேற்றுமை அத்துடன் நீங்கியது.

முஸ்லிம்களும் சேவை நாயும்

எமது வாசகர்களில் ஒரு சாரார் மனதில் இதற்குள் ஒரு கேள்வி எழுந்திருக்கும். நாயின் உமிழ்நீரை அசுத்தமாகக் கருதும் முஸ்லிம் ஒருவர் இத்தகைய துணையை நாடலாமா? இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், ஈரத்துடன் நாய் பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்து கழுவ வேண்டும். மாலிகி மத்ஹபோ நாயைச் சுத்தமான பிராணியாகவே கொள்கின்றது. வேட்டைக்கும் மந்தைக்கும் பயிர்க் காவலுக்கும் நாய் வைத்திருப்பது அனுமதிக்கப்பட்டது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணி பிடித்துத் தருவதை உண்ணலாம் என அல்மாயிதா அத்தியாயம் அனுமதிக்கின்றது. குகைவாசிகளின் வாயிலில் காவல் கிடந்த நாயை அல்கஹ்பு அத்தியாயம் குறிப்பிடுகின்றது. தேவைக்காக நாய் வைத்திருக்கும் அனுமதியை ஊனமுற்றோரின் தேவைக்கும் விரித்துக் கூறும் மார்க்க அறிஞர்கள் உள்ளனர்.

ஐக்கிய இராச்சியத்தின் லெஸ்டர் நகரில் 2008இல் இது நடைமுறைப் பிரச்சினையாக எழுந்தது. பார்வையற்ற முஸ்லிம் இளைஞர் ஒருவர் தமது வழிகாட்டி நாயுடன் பள்ளிவாசலுக்கு வர விரும்பினார். அந்நாட்டு ஷரீஆ கவுன்சில் அதனை ஆராய்ந்து அனுமதி வழங்கியது. பிலால் ஜாமிஆ பள்ளிவாசல், தொழுகை மண்டபத்துக்கு வெளியே நாய்க்கெனத் தனியிடம் ஒதுக்கியது. தொழுகையின் தூய்மைக்கும் குறைவில்லை, இளைஞரும் பள்ளிவாசலை இழக்கவில்லை.

உளநோய்க்கான நாய் விடயத்தில் சிக்கல் சற்றுக் கூடுதல். வழிகாட்டி நாயைப் பிடிப்பதற்குக் கைப்பிடி உண்டு. இங்கோ முகத்தை நக்குவதும் மடியில் படுப்பதும் வேலையின் பகுதிகளாகின்றன. ஆயினும் வேலைகள் ஆளுக்கேற்பத் தெரிந்தெடுக்கப்படுபவை. நக்கி எழுப்புவதற்குப் பதிலாகப் போர்வையை இழுக்கவோ விளக்கை ஏற்றவோ பயிற்றலாம். படுக்கையறைக்கு வெளியே, ஆடைக்கு மேல் நின்று உதவும் வகையில் பழக்கலாம். இதில் எது தகும் என்பதை ஆலிம்களிடம் கேட்டறிவதே முறை. நோய் இருப்பதையே குடும்பத்தினரிடம் மறைக்கும் ஒருவரால் அந்தக் கேள்வியைக் கேட்க முடிவதில்லை என்பதே கவலைக்குரியது.

எல்லோருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. நாய்க்கு அஞ்சுபவர், நாய்மயிரால் மூச்சிழுப்பு ஏற்படுபவர், தன்னையே பராமரிக்க முடியாத கடும் நோய் நிலையில் உள்ளவர், உதவிக்குக் குடும்பத்தில் எவருமில்லாதவர் ஆகியோருக்கு நாய் புதியதொரு சுமையாகி விடும். வயது முதிராத பிள்ளைகள் உள்ள வீட்டில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். பயிற்சிக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் செல்லும். ஒரு நாயை உருவாக்கப் பல்லாயிரம் டொலர் செலவாகும். தொண்டு நிறுவனங்கள் இலவசமாக வழங்கினாலும் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. பயிற்சிக்குச் சேர்க்கப்படும் நாய்களில் கணிசமான தொகை இடையிலேயே தகுதியற்றவை எனத் திருப்பப்படுகின்றன. பட்டாசு ஒலிக்குப் பதறும் நாய், பதறும் மனிதருக்குத் துணையாக முடியாதல்லவா?

நாயுடன் வெளியே செல்வதிலும் ஒரு விலை உண்டு. எவரது பார்வையும் தன்மேல் படக்கூடாது என்று விரும்பும் நோயாளி, நாயுடன் சென்றால் எல்லோரது பார்வைக்கும் இலக்காகின்றார். 'என்ன நோய் உங்களுக்கு?' என்று முன்பின் அறியாதோர் கேட்கின்றனர். பிள்ளைகள் ஓடிவந்து தடவுகின்றனர். தடவப்படும் நாயின் கவனம் எசமானிடமிருந்து விலகுகின்றது. அந்தக் கணத்தில் அவருக்குத் தாக்கம் ஏற்பட்டால் நாய் அதனைத் தவறவிட்டு விடலாம். மேலங்கி அணிந்த நாயைக் கண்டால் அதனைத் தொடாமலும், அழைக்காமலும், உணவு நீட்டாமலும், நாயுடன் அல்லாது மனிதருடன் பேச வேண்டும் என்று பயிற்சி நிறுவனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டுக் கொள்கின்றன.

நாயின் பக்கத்து நியாயமும் உண்டு. பிறரின் அச்சத்தை நாள் முழுவதும் முகர்ந்து கொண்டிருக்கும் பிராணிக்கு ஓய்வு தேவை. வீட்டில் மேலங்கி கழற்றப்படும் நேரத்தில் அது ஓடவும் மண்ணில் புரளவும் விடப்பட வேண்டும். எட்டு முதல் பத்து வயதில் அது பணியிலிருந்து ஓய்வு பெறுகின்றது. தன்னைப் பல நூறு இரவுகளில் எழுப்பிய நாயின் கண்களில் முதுமையைக் காண்பது, இழப்புகளால் நோயுற்ற ஒருவருக்கு எளிதன்று. ஆகவே பல குடும்பங்களில் மூத்த நாய் வீட்டிலேயே தங்கி விடுகின்றது. மேலங்கி இளைய நாய்க்குப் போகின்றது. மூத்தது வாயிற்படியில் படுத்து, இருவரும் வெளியே சென்று திரும்பும் வரை காத்திருக்கின்றது.